நின்னுக்கிட்டே சாப்பிட்ட அஞ்சு மாசம்

எங்கூட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடற பழக்கம் எனக்கு இல்லைங்க. ஆனா அவர் கதையைச் சொல்லணும்னா பேரைச் சொல்லித்தானே ஆகணும். தீர்த்தகிரி. வயசு அம்பத்தி மூணு. லாரி டிரைவர். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவால எங்க ஊரு. பதினேழு வயசுல கிளீனரா ஏறினவர், இருபத்தெட்டு வருசமா ஸ்டியரிங் பிடிக்கறார். இத்தனை வருசத்துல ஒரு ஆடு கோழி மேல கூட வண்டியை ஏத்தினதில்லை.

பேச்சு மட்டும் கம்மி. நான் பத்து வார்த்தை பேசினா அவர்கிட்ட இருந்து ஒரு 'ம்' வரும். நல்ல மனநிலையில இருந்தா ரெண்டு 'ம்'. கட்டிக்கிட்ட புதுசுல எனக்கு ஆத்திரமா வரும். 'சுவத்துக்கிட்டயா பேசிக்கிட்டு இருக்கறேன்?'னு கத்துவேன். அதுக்கும் 'ம்'னுதான் சொல்லுவார்.

கான்பூர், நாக்பூர், குவாஹாத்தின்னு போவார். இருபது நாள், இருபத்தஞ்சு நாள் கழிச்சு வருவார். வந்ததும் மேலுக்குத் தண்ணி வாத்துக்கிட்டு, முன்ரூம்புல கடிகாரத்துக்குக் கீழ சம்மணம் போட்டு உக்காருவார். "சோத்தைப் போடு சித்ரா"ம்பார். வண்டியை நிறுத்தற பட்டறைக்கு வந்தாச்சுன்னு போன் வந்தாலும், வாசல்ல செருப்பைக் கழட்டினாலும் என் மனசு அடங்காது. அந்த எடத்துல அவர் உக்காந்தாத்தான் எனக்கு அவர் வந்து சேந்த மாதிரி. அப்பத்தான் நானும் சாப்பிடுவேன்.

இந்த வருசம் தைப்பொங்கல் கழிஞ்சு ஒரு டிரிப்பு முடிச்சு வந்தவர், உக்காரலை. சுவத்துல ஒரு கையை ஊனிக்கிட்டு நின்னார். "என்னங்க?"ன்னேன். "தட்டைக் கையில குடு"ன்னார். நின்னுக்கிட்டே சாப்பிட்டார். ஏதோ வண்டியில உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். ராத்திரி சோறும் நின்னுக்கிட்டுத்தான். மறுநாளும் அப்படித்தான். மூணாவது நாள் நான் மெரட்டினதுக்கு அப்பறம்தான் வாயைத் தொறந்தார். இடுப்புல ஆரம்பிச்சு, பின்தொடை வழியா எறங்கி, எடது காலு கட்டை விரல் வரைக்கும் சுண்டி இழுக்குதாம். நின்னாலும் நடந்தாலும் கொஞ்சம் பரவாயில்லை. உக்காந்தா உசுரு போகுதாம். கடைசி எரநூறு மைலு எப்படி ஓட்டிக்கிட்டு வந்தீங்கன்னு கேட்டேன். ஒரு பக்கமா ஒருக்களிச்சு உக்காந்து ஓட்டினாராம். எனக்கு அழுகையும் வந்துச்சு, அவரை நாலு சாத்து சாத்தணும்னும் வந்துச்சு.

உக்கார முடியாத மனுசன் லாரி ஓட்ட முடியுமா சொல்லுங்க. வேற வேலையும் அவருக்குத் தெரியாது. ஓனர் ஜெகதீஸ்வரன் நல்ல மனுசன், "மெதுவா வாங்க மாமா, வண்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன், உங்க வண்டி உங்களுக்குத்தான்"னு சொன்னார். இவரானா தெனமும் காலையில நடந்தே பட்டறைக்குப் போய், வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, டயரைத் தட்டிப் பாத்துட்டு வருவார். ஏற மாட்டார். ஏறினா உக்காரணுமே.

வைத்தியம் பாக்காம இல்லைங்க. எண்ணெய்க்கட்டு போட்டோம். பெல்ட்டு கட்டினோம். ஒத்தடம் குடுத்தோம். எங்க தெரு அங்காளம்மாள் அக்கா காலு முன்னால பொறந்தவ. அப்படிப் பொறந்தவங்க மிதிச்சா சுளுக்கு உட்டுரும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. நாந்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். இவரைக் குப்புறப் படுக்கப் போட்டு, அந்தக்கா இடுப்புல ஓங்கி ஒரு மிதி. அந்தக்கா லேசுப்பட்ட ஆள் இல்லை, நல்ல கனம். மூணு நாள் இவர் படுக்கையை உட்டு எந்திரிக்கலை. அந்தக்கா பாவம், மூணு நாளும் ரசம் வெச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு.

மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரையும் போச்சு. நின்னுக்கிட்டே சாப்பாடு, நின்னுக்கிட்டே டிவி. பஸ்ஸுல போனா காலி சீட்டு இருந்தாலும் கம்பியைப் பிடிச்சு நிப்பார். சொந்தக்கார ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துல எல்லாரும் பந்தியில உக்கார, இவர் மட்டும் தூண் ஓரமா எலையைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறார். எனக்கு அந்தச் சோறு எறங்கவே இல்லை. ஊட்டுல கடிகாரத்துக்குக் கீழ இருக்கற அந்த எடத்தை மட்டும் தெனமும் ரெண்டு தரம் கூட்டி வெப்பேன்.

கடைசியில எங்க புள்ளை கனிஷ்காதான் போன்ல பாத்து, சேலத்துல வலிக்குன்னே தனியா டாக்டர் இருக்கறாங்கன்னு சொன்னா. டாக்டர் தனப்பிரியா. முப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல வெச்சுக் காட்டினாங்க. முதுகெலும்புக்கு நடுவால மெத்தை மாதிரி வட்டு வட்டா இருக்குதாம். அடியில இருந்து ரெண்டாவது வட்டு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. நரம்பு வீங்கி இருக்குது. அதான் இழுப்பு.

"எபிடியூரல் ஊசின்னு ஒண்ணு இருக்கு. எக்ஸ்ரேயில பாத்துக்கிட்டே, முதுகெலும்புக்குள்ள அந்த நரம்பு பக்கத்துல போய் மருந்தை வைக்கணும். வீக்கம் வத்தும், வலி குறையும்"னாங்க.

முதுகெலும்புல ஊசின்னதும் எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. கனிஷ்கா பொறந்தப்ப ஆபரேசனுக்கு எனக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அன்னையில இருந்து பத்தொம்பது வருசமா எனக்கு இடுப்பு வலி. தறிப்பட்டறையில தாருக்கு நூல் சுத்தறவ நான், நாள் முச்சூடும் குனிஞ்ச வேலை. சாயங்காலம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறப்ப எல்லாம் அந்த ஊசியைத்தான் வாய் நெறையத் திட்டுவேன்.

"டாக்டரம்மா, முதுகுல ஊசி போட்டுத்தான் என் இடுப்பே போச்சு. இப்ப இடுப்பு வலிக்கே முதுகுல ஊசிங்கறீங்க. இது எந்த ஊர் நாயம்?"ன்னு கேட்டுப்போட்டேன்.

அந்த டாக்டர் புள்ளை கோவிக்கலை. "அம்மா, உங்களுக்குப் போட்டது மரத்துப் போக. அது சில மணி நேரத்துல போயிரும். அதுக்கும் இத்தனை வருச வலிக்கும் சம்மந்தம் இல்லை. நீங்க குனிஞ்சு செய்யற வேலைதான் காரணமா இருக்கும். உங்களையும் ஒரு நாள் பாக்கறேன், வாங்க"ன்னாங்க. நான் ஒத்துக்கலை. பத்தொம்பது வருசமாத் திட்டின ஊசியை ஒரு நிமிசத்துல உட்டுக் குடுக்க மனசு வருமா?

ஒளிவு மறைவு இல்லாமத்தான் சொன்னாங்க. இந்த ஊசி வட்டைச் சரி பண்ணாது, நரம்போட வீக்கத்தைத்தான் கொறைக்கும். சிலருக்கு மாசக்கணக்கா நல்லா இருக்கும், சிலருக்குக் கொஞ்ச நாள்தான், சிலருக்குக் கேக்காமயே போயிரும். வலி கொறைஞ்சு இருக்கற நாள்ல நடந்து, பயிற்சி பண்ணி, இடுப்பைப் பலப்படுத்திக்கணும். கால் தொவண்டு போனாலோ, ஒண்ணுக்குப் போறது தெரியாமப் போனாலோ ஒரு நிமிசம் தாமதிக்காம ஓடி வரணும். இவருக்குச் சர்க்கரை வேற இருக்குது. ஊசிக்கு அப்பறம் ஒரு வாரம் சர்க்கரை ஏறும், தெனம் பாக்கணும். ரத்தம் உறையாம இருக்கத் தின்னற மாத்திரை ஏதாவது உண்டான்னும் கேட்டாங்க. எல்லாத்துக்கும் நாந்தான் பதில் சொன்னேன். கடைசியில இவரைப் பாத்து, "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னாங்க.

"உக்காந்தாப் போதும்"னார் இவர். அஞ்சு மாசத்துல நான் கேட்ட பெரிய வார்த்தை அதுதான்.

வைகாசி கடைசியில ஊசி. பச்சைத் துணியைக் கட்டி உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறேன். கதவு சாத்திட்டாங்க. அந்தச் சாத்தின கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஊசி ஒரு நூல் தப்பிப் போனா? இருக்கற காலும் போயிட்டா? எங்கூரு மாரியாத்தாளை நெனச்சேன்.

எங்க பக்கம் வேண்டுதலைக்கு ஒரு வழக்கம் இருக்குதுங்க. கண்ணு நோவுக்குக் கண்ணு, காலு நோவுக்குக் காலு, கையி நோவுக்குக் கையின்னு வெள்ளித் தகட்டுல செஞ்சு கோயில் கடையில விக்கும். வாங்கி உண்டியல்ல போடுவோம். இடுப்பு மட்டும் எந்தக் கடையிலயும் விக்கறதில்லை. இடுப்புக்கு என்ன குடுக்கறதுன்னு அந்த நேரத்துல யோசிச்சேன் பாருங்க, அங்கதான் என் புத்தி கெட்டுப் போச்சு. இடுப்பு நோவுன்னா இடுப்பாலயே கட்டறதுதானே மொறைன்னு தோணிச்சு. "ஆத்தா, இந்த மனுசன் பழையபடி உக்காந்து வண்டி ஓட்டட்டும். ஆடி நோம்பிக்கு உன் கோயிலைச் சுத்தி உருளுதண்டம் போட வைக்கறேன்"னு வேண்டிப்போட்டேன். ஈரத்துணியோட தரையில படுத்து, உருண்டுக்கிட்டே கோயிலை மூணு சுத்து வரணும். அதான் உருளுதண்டம்.

உள்ள இருந்தது இருவது நிமிசம்தான். குப்புறப் படுக்க வெச்சு, வயித்துக்கடியில தலகாணி வெச்சு, மொதல்ல தோலு மரத்துப் போறதுக்கு ஒரு சின்ன ஊசி, அப்பறம் பெரிய ஊசி. மருந்து போறப்ப கட்டை விரல் வரைக்கும் ஒரு அழுத்தம் வந்துச்சாம். "வலிச்சுதா?"ன்னேன். "ம்ஹூம்." ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் கால் மரத்து, வலியே இல்லை. எனக்குக் கையில பிடிக்க முடியாத சந்தோசம். மறுநாள் காலையில பாத்தா பழையபடி வலி. "ஏமாத்திப்புட்டாங்க"ன்னு டாக்டர் தலையில பழியைப் போட்டேன். மருந்து வேலை செய்ய சில நாள் ஆகும்னு அவங்க சொல்லித்தான் அனுப்பி இருந்தாங்க, எனக்குத்தான் பொறுமை இல்லை. சர்க்கரையும் ஏறி எறங்கிச்சு.

ஆறாம் நாளு. தட்டை நீட்டறேன், கை நீட்டறதுக்கு ஆளைக் காணோம். திரும்பிப் பாத்தா பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கறார். அவருக்கே நம்பிக்கை இல்லாம, ரெண்டு கையிலயும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு, "வலி ஒண்ணும் பண்ணலை புள்ள"ங்கறார். நான் தட்டைக் கீழ வெச்சுட்டு ஓன்னு அழுதுபோட்டேன். பக்கத்து ஊட்டுல ஏதோ கெட்ட சேதின்னு ஓடி வந்துட்டாங்க.

அதுக்கப்பறம் தெனமும் நடை. டாக்டர் சொல்லிக் குடுத்த பயிற்சியைப் பாய் விரிச்சுச் செய்வார். கனம் தூக்கக் கூடாது, குனிஞ்சு திரும்பக் கூடாது, கீழ உக்காரறது இப்போதைக்கு வேண்டாம். ஆடி கழிஞ்சதும் வண்டி எடுக்கலாம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எறங்கி நடக்கணும். ஓனர் வேற ஆளை ஆடியோட நிறுத்திக்கறேன்னுட்டார். எல்லாம் சரியாத்தான் போச்சு, என் வாய் ஒண்ணைத் தவிர.

ஆனி கடைசியில வேண்டுதலைச் சொன்னேன். அவர் சிரிச்சார். இந்த மனுசன் சத்தம் போட்டுச் சிரிச்சு நான் பாத்து எத்தனையோ வருசம் ஆச்சு. "ஏ புள்ள, இடுப்பு நல்லானதுக்கு இடுப்பையே உருட்டச் சொல்றியா?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவங்க சிரிக்கலை. "ஒரு சுத்து கூட வேண்டாம்மா. உடம்பை முறுக்கி முறுக்கி உருண்டா, வத்தின வீக்கம் திரும்ப வரலாம். இத்தனை பாடுபட்டது வீணாப் போயிரும்"னாங்க.

இப்ப நான் என்ன பண்றது? உருண்டா இடுப்பு போகும், வண்டி போகும், பழையபடி நின்னுக்கிட்டே சாப்பாடு. உருளலைன்னா, ஆத்தாளுக்குக் கடனை வெச்சுக்கிட்டு இந்த மனுசன் மலைப்பாதையில வண்டி ஓட்டறார்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வருமா? படிச்சவங்க சிரிப்பீங்க. சிரிச்சுக்குங்க. உங்க ஊட்டு ஆளு இருவது டன் லோடோட போறப்ப தெரியும்.

பூ கேட்டுரலாம்னு கோயிலுக்குப் போனேன். செவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், ரெண்டையும் ஒண்ணுபோலக் கட்டி ஆத்தா காலடியில வெப்பாங்க. கேள்வியை மனசுல நெனச்சுக்கணும். பூசாரி ராசு ஒண்ணை எடுத்துப் பிரிப்பார். வெள்ளைன்னா சரி, செவப்புன்னா வேண்டாம். 'அவருக்குப் பதிலா நான் உருளட்டுமா?'ன்னு கேட்டேன்.

செவப்பு வந்துச்சு.

"ஒரே கேள்வியை ரெண்டு தரம் கேக்கக் கூடாது அம்மணி"ன்னார் பூசாரி. நான் அங்கயே நின்னேன். வந்த கோவத்துல, ஆத்தாளையே பேசிப்போட்டேன். "உனக்கென்ன, கல்லா நிக்கறே. உக்கார முடியாம அஞ்சு மாசம் நின்னவன் வலி உனக்கு எங்க தெரியும்?" பூசாரி கன்னத்துல போட்டுக்கிட்டார். ஊட்டுக்கு வர்ற வழியெல்லாம் நானும் போட்டுக்கிட்டேன்.

இவர்கிட்ட வந்து சொன்னேன். "சரி, நான் ஒரு சுத்து உருண்டுட்டு வந்துர்றேன். ஊசிதான் போட்டிருக்குதே, தாங்கும்"னார். என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றார். அது தெரிஞ்சுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆடி மூணாம் வெள்ளி. விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோம். எனக்குத் தெரியாதா எங்க போயிருப்பார்னு? ஓடினேன். கோயில் கெணத்தடியில தண்ணி வாத்துக்கிட்டு, ஈர வேட்டியோட நிக்கறார். தேர் வடம் பிடிச்சாப்பல ஆம்பளை பொம்பளை எல்லாம் வரிசையா உருண்டுக்கிட்டு இருக்கறாங்க. தரையில தண்ணி ஊத்தி சேறாக் கெடக்குது. இவர் மெதுவா முட்டி போட்டு, ஒரு கையை ஊனி, படுக்கப் போறார்.

"ஏனுங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல மேளக்காரரே நிறுத்திட்டார். ஒரு கொடம் தண்ணியை எடுத்து என் தலையில ஊத்திக்கிட்டு, இவருக்கு முன்னால போய் விழுந்தேன். "நீங்க படுத்தீங்கன்னா நான் இந்தக் கோயிலை உட்டு ஊட்டுக்கு வர மாட்டேன். எந்திரிங்க!"

"பூ செவப்பு வந்துச்சே சித்ரா."

"வரட்டும். வேண்டினது என் வாய்தானே. கோவிக்கறதா இருந்தா என்மேல கோவிச்சுக்கட்டும். ஆத்தா, கேட்டுக்கோ! என்ன பண்றதா இருந்தாலும் என்னைப் பண்ணு. வண்டியில போறவனைத் தொடாதே!"

அப்பறம் உருள ஆரம்பிச்சேன். இவர் எந்திரிச்சு என்கூடவே நடந்தார். குனிய முடியாதுல்ல, காலாலயே எனக்கு முன்னால கெடக்கற கல்லை எல்லாம் ஒதுக்கிக்கிட்டே வந்தார். மொதச் சுத்துல என் முழங்கை தேஞ்சு போச்சு. ரெண்டாஞ் சுத்துல இடுப்புல என்னமோ படக்குனு பிடிச்சுது. மூணாஞ் சுத்துல வானமும் தரையும் ஒண்ணாயிருச்சு. எந்தப் பக்கம் உருளறேன்னே தெரியலை. இவர் கொரல் மட்டும் உடாமக் கேக்குது. "இக்கட்டால வா, இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சந்தான். வா." கட்டிக்கிட்ட நாள்ல இருந்து அத்தனை வார்த்தை அவர் ஒட்டுக்காப் பேசி நான் கேட்டதில்லை.

முடிஞ்சுது. கண்ணைத் தொறக்க முடியலை. கோபுரம் சுத்துது. தலைக்கடியில மட்டும் சேறு இல்லை, ஈர வேட்டி. நிதானமாப் பாத்தேன். இவர் அந்தச் சேத்துலயே சம்மணம் போட்டு உக்காந்து, என் தலையை மடியில வெச்சிருக்கறார்.

"யாரு உங்களைக் கீழ உக்காரச் சொன்னது? எந்திரிங்க முதல்ல!"ன்னு கத்தறேன், கொரலே வரலை.

"ம்."

"வலிக்குதுங்களா?"

"இல்லை புள்ள. சும்மா படு." என் மூஞ்சியில ஒட்டின சேத்தை ஈரத்துண்டால தொடைச்சு உட்டார். சனம் எல்லாம் பாக்குது. நான் எந்திரிக்கலை.

ஆடி கழிஞ்சு வண்டி எடுத்துட்டார். போறதுக்கு முன்னால கடிகாரத்துக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போனார். ஊசியோட பலன் தீந்து வலி திரும்பினாலும் திரும்பலாம்னு டாக்டரம்மா சொல்லித்தான் இருக்கறாங்க. திரும்பினாப் பாத்துக்கலாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வண்டியை ஓரம் கட்டி நடக்கறப்ப எனக்குப் போன் வரும். நேத்து நாக்பூரைத் தாண்டினதும் கூப்பிட்டார். "உக்கார முடியுதுங்களா?"ன்னேன். "ம்"னார்.

எனக்கு அன்னையில இருந்து இடுப்பு எந்திரிக்க உடமாட்டேங்குது. அடுத்த வாரம் அந்த டாக்டரம்மாகிட்டப் போகணும். என்னம்மா பண்ணீங்கன்னு கேப்பாங்க, நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறேன். ஆனா இந்த வலிக்கு மட்டும் நான் எந்த ஊசியையும் திட்ட மாட்டேனுங்க.